நூலகம் திறக்க ரிப்பன் இருக்கு. நூலகருக்கு நிரந்தர வேலை எங்கே?



ஒரு நூலகத்தைத் திறந்து வைக்க என்ன வேணும்? ரிப்பன், கத்தரிக்கோல், கல்வெட்டு, மேலே பறக்க ஒரு ட்ரோன் கேமரா. அடுத்த நாள் காலையில அதே நூலகத்தின் கதவைத் திறக்க என்ன வேணும்? சாவியோட ஒரு ஆள் வேணும்.

அந்த ஆளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் பத்து நிமிஷம் கொடுங்க.

முதல்ல ஒரு வேலை செய்யுங்க. வீட்ல இருக்கிற சொத்து வரி ரசீதை எடுங்க. அதுக்குள்ளே நூலக வரின்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு. 1948-ல் சென்னை மாகாணத்தில் கொண்டு வந்த பொது நூலகச் சட்டம்தான் இதுக்கு அடிப்படை. விடுதலை அடைஞ்ச இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் நம்முடையதுதான். அன்னைக்கு கல்வி அமைச்சரா இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டு வந்தார். பின்னால் நின்னு உழைச்சவர் சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன்.

அதாவது நூலகம் அரசு நமக்குப் போடுற பிச்சை இல்லை. குடிசை வீட்டுக்காரரும் கடைக்காரரும் சேர்ந்து கட்டுற காசுல நடக்குது. 2022 ஏப்ரலில் சொத்து வரியை 25 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடு வரை உயர்த்தினாங்களே, ஞாபகம் இருக்கா? வரி ஏறினா அதோட ஒட்டின நூலக வரியும் ஏறும். நாம கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு: ஏறின காசுல எத்தனை ரூபாய் அந்தச் சாவிக்காரரின் சம்பளத்துக்குப் போச்சு?

■ யார் இந்தச் சாவிக்காரர்?

தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேல் பொது நூலகங்கள் இருக்கு. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம்னு படிப்படியா இருக்கும். மேல் படியில் முறையான ஊதியம். கீழே இறங்க இறங்க சம்பளம் சுருங்கும், உரிமை சுருங்கும். கடைசிப் படியில் தினக்கூலிக் கணக்கு. அன்னைக்கு வரலைன்னா கூலி இல்லை.

ஊர்ப்புற நூலகர் காலையில் வந்து பூட்டைத் திறப்பார். அவரே கூட்டுவார். பேப்பரை அடுக்குவார். புத்தகக் கட்டு வந்தா இறக்குவார், பதிவேட்டில் ஏற்றுவார், முத்திரை குத்துவார், அட்டை ஒட்டுவார். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு நாவல் தேடித் தருவார். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பேச்சுப் போட்டிக்குக் குறிப்பு எடுத்துத் தருவார். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிற தங்கச்சிக்குப் பழைய வினாத்தாள் எடுத்துத் தருவார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து படிச்ச எத்தனை பேர் இன்னைக்கு அரசு ஊழியர்! கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், காவலர்னு போயிட்டாங்க. அடுத்தவருக்கு அரசு வேலை வாங்கிக் கொடுத்த மேசைக்குப் பின்னால் இருக்கிறவருக்கு மட்டும் வேலை நிரந்தரம் இல்லை. இதைவிடக் கொடுமையான நகைச்சுவை வேற இருக்கா?

■ ஆள் ஏன் நிற்க மாட்டேங்கிறாங்க?

நம்மில் நிறையப் பேர் ஐடி கம்பெனியில் இருக்கோம். அங்கே அட்ரிஷன்னு ஒரு வார்த்தை உண்டு. ஒருத்தர் பேப்பர் போட்டா எச்ஆர் கூப்பிட்டு "ஏன் போறீங்க?"ன்னு கேட்பாங்க. நாடகம்தான், ஆனா கேட்பாங்க. நூலகத்திலிருந்து ஒருத்தர் விலகினா கேட்க ஆளே இல்லை. பக்கத்து ஊர் நூலகரைக் கூப்பிட்டு "கூடுதல் பொறுப்பு"ன்னு இன்னொரு சாவியையும் கையில் கொடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் ரெண்டு ஊர் நூலகமும் அரைநாள் நூலகம்.

சம்பளம் முதல் காரணம். ஆனா அது மட்டும் காரணம் இல்லை. உங்க ஊர் நூலகர்கிட்ட போய் உட்கார்ந்து இந்த நாலையும் கேட்டுப் பாருங்க.

ஒன்று: கழிப்பறை. ஒத்தை அறைக் கட்டடம், வாடகைக் கட்டடம், பஞ்சாயத்து கொடுத்த பழைய கட்டடம். பெண் ஊழியர் பகல் முழுக்க எங்கே போவார்? கடையில் வேலை செய்யுற அக்காக்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்கணும்னு 2021-ல் இதே தமிழ்நாடுதான் சட்டம் போட்டது. நல்ல சட்டம், கைதட்டினோம். துணிக்கடை முதலாளிக்குச் சட்டம் போட்ட அரசு, தன் சொந்த நூலகத்தில் கழிப்பறை இருக்கான்னு பார்த்ததா?

இரண்டு: தனிமை. பல இடங்களில் ஒரே ஒரு ஊழியர். இன்ஜினியரிங்கில் இதை சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்னு சொல்வோம். அவருக்குக் காய்ச்சல்னா ஊருக்கே நூலகம் மூடல். அதனால காய்ச்சலோட வருவார். பணியிடத்தில் பாலியல் தொல்லை நடந்தா? 2013 சட்டப்படி 10 பேருக்குக் குறைவா வேலை செய்யுற இடத்தில் உள் குழு கட்டாயம் இல்லை. மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அந்தக் குழு எங்கே இருக்கு, யார் தலைவர், என்ன நம்பர்னு எத்தனை நூலகச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கு? போய்ப் பாருங்க.

மூன்று: இலக்கு. இத்தனை உறுப்பினர் சேர், இத்தனை புரவலர் பிடி. புரவலர் ஆக 1,000 ரூபாய். கூலி வேலைக்குப் போற ஊரில் ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை பேர் கிடைப்பாங்க? மேலிருந்து அழுத்தம் வந்தா, அவமானத்துக்குப் பயந்து சொந்தக் காசைப் போட்டுக் கணக்கை நிரப்புற நிலை வரும். வேலை பார்க்க வந்தவர்கிட்ட வசூல் பண்றதுக்குப் பேரு நிர்வாகமா?

நான்கு: தொலைந்த புத்தகம். இருப்புச் சரிபார்ப்பு வருது. பத்து புத்தகம் குறையுது. பொறுப்பு நூலகர் தலையில். அலமாரி திறந்து கிடந்தால்தான் அது பொது நூலகம். நூறு கை படுற இடத்தில் நாலு புத்தகம் காணாமத்தான் போகும். இதை உலகமே ஒத்துக்கிட்டது. ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215-ஐப் படிச்சுப் பாருங்க. வருஷத்துக்கு 1,000 புத்தகம் புழங்கினா 5 புத்தகம் வரை இழப்பு இயல்புன்னே ஏத்துக்குது, கவனக்குறைவோ நேர்மையின்மையோ இல்லாத வரைக்கும். டெல்லி நூலகருக்கு உள்ள அந்த நியாயம் தென்காசி நூலகருக்குக் கூடாதா? புத்தகம் போனா சம்பளத்தில் பிடிப்பாங்கன்னு பயம் வந்தா ஊழியர் என்ன செய்வார்? அலமாரியைப் பூட்டி வைப்பார். நஷ்டம் யாருக்கு? படிக்க வந்த பிள்ளைக்கு.

இதைத்தான் வேலைப் பண்பாடுன்னு சொல்றோம். பயத்தில் வேலை செய்யுறவர் புத்தகத்துக்குக் காவல்காரர் ஆகிடுவார். மரியாதையில் வேலை செய்யுறவர்தான் நூலகர்.

■ ரங்கநாதனே ஓடப் பார்த்தவர்தான்

"பிடிக்கலைன்னா போகட்டும், வேற ஆள் வரும்"னு சொல்ற அதிகாரிகளுக்கு ஒரு வரலாறு.

ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரா வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நாள்கூட தாங்கலை. தனியா சும்மா உட்கார்ந்திருக்க முடியலை, மறுபடியும் பாடம் எடுக்கவே போறேன்னு கேட்டார். நம்ம பாஷையில் சொன்னா, பேப்பர் போட்டார்.

அவரை எப்படி நிறுத்தினாங்க? மெமோ கொடுத்தா? இலக்கு வைச்சா? லண்டனுக்கு அனுப்பினாங்க. அங்கே நூலகத் துறையைப் படிச்சார், நூலகங்களைச் சுத்திப் பார்த்தார். திரும்பி வந்தப்போ சோதனை செய்து பார்க்கச் சுதந்திரம் இருந்தது. 1944 வரைக்கும் இருபது வருஷம் அங்கேயே இருந்தார். உலகம் இன்னைக்கும் பாடமா படிக்கிற ஐந்து விதிகளை 1931-ல் புத்தகமா வெளியிட்டார். அதில் முதல் விதியை விளக்கும்போதே இடம், நேரம், மேசை நாற்காலியோட சேர்த்து ஊழியரையும் பேசுறார். ஊழியர் சரியில்லைன்னா விதியே நடக்காதுன்னு அவருக்குத் தெரியும்.

அவரைத் தினக்கூலியில் போட்டு, "இஷ்டம்னா இரு, இல்லைன்னா கிளம்பு"ன்னு சொல்லியிருந்தா? நமக்கு ஒரு நல்ல கணக்கு வாத்தியார் கிடைச்சிருப்பார். நூலக அறிவியலின் தந்தை கிடைச்சிருக்க மாட்டார். ஆகஸ்ட் 12 அவர் பிறந்தநாள். வருஷா வருஷம் மாலை போடுறாங்க. அவர் தொழிலைச் செய்யுறவருக்கு மாசச் சம்பளம் ஒழுங்கா போடலாமே!

■ கட்டடம் மட்டும் நூலகம் ஆகாது

2010 செப்டம்பர் 15, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தாங்க. 2011-ல் ஆட்சி மாறினதும் அதைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. உயர் நீதிமன்றம் தடுத்தது. கட்டடம் பிழைச்சது. அதுக்கப்புறமும் பராமரிப்புக்காகவும் காலிப் பணியிடங்களுக்காகவும் நீதிமன்றமே தலையிட வேண்டி வந்தது. 2023 ஜூலை 15, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், 200 கோடி ரூபாய்க்கும் மேல். மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா. எதையும் நாம குறை சொல்லலை. மதுரைப் பிள்ளைகள் ஏசி ஹாலில் உட்கார்ந்து படிக்கிறதைப் பார்த்தா நமக்கும் சந்தோஷம்தான்.

ஆனா அதே ஆட்சிகளின் இன்னொரு கதையும் இருக்கு. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஊருக்கு ஒரு நூலகம் கட்டினாங்க. அருமையான யோசனை. நடத்துறதுக்கு முறையான நூலகரைப் போடலை, மதிப்பூதியத்தில் ஆள் வைச்சாங்க. இன்னைக்கு உங்க ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்க. எத்தனை பூட்டு துருப்பிடிச்சுத் தொங்குது? ஒரு ஆட்சி கட்டிச்சு, அடுத்த ஆட்சி கண்டுக்கலை, அதுக்கடுத்த ஆட்சி மறுபடி வெள்ளையடிக்குது. மூணு பேரும் மறந்தது அந்தச் சாவிக்காரரை.

■ அவங்க சொல்லப் போற பதில்கள்

"நிதி இல்லை." நூலகத்துக்குன்னு தனி வரியே வாங்குறீங்க. உள்ளாட்சிகள் வசூலிச்ச நூலக வரியை நூலக ஆணைக் குழுவுக்குக் கொடுக்காம பாக்கி வைக்கிறது பல வருஷப் பழக்கம். முதல்ல அந்தப் பாக்கியைக் கட்டச் சொல்லுங்க.

"தன்னார்வலர்களை வைச்சு நடத்தலாம்." இங்கிலாந்து அதைச் செய்து பார்த்தாச்சு. 2010-க்குப் பிறகு ஆறே வருஷத்தில் அங்கே கிட்டத்தட்ட 8,000 நூலக வேலைகள் போச்சு, 343 நூலகங்கள் மூடின. 15,500 தன்னார்வலர்கள் வந்தாங்க. இது 2016-ல் பிபிசி வெளியிட்ட கணக்கு. நாங்களும் தன்னார்வலர்கள்தான், இந்தப் பதிவை எழுதுறதுக்கு யாரும் சம்பளம் தரலை. அதனாலேயே சொல்றோம்: தன்னார்வம் ஞாயித்துக்கிழமை உதவிக்கு நல்லது, இன்னொருத்தர் வேலையைப் பறிக்க அல்ல.

"கூகுளும் ஏஐயும் வந்தாச்சு, நூலகர் எதுக்கு?" இதை டேட்டா பேக் போட வசதி இருக்கிறவர் சொல்லலாம். படிக்க வீட்ல தனி இடம் இல்லாத பிள்ளை சொல்லாது.

"நிரந்தரம் ஆக்கினா சோம்பேறி ஆயிடுவாங்க." இதைச் சொல்ற அதிகாரி நிரந்தரப் பணியில்தான் இருக்கார். அவர் சோம்பேறியா?

"சட்டம் இடம் கொடுக்கலை." 2006 உமாதேவி தீர்ப்பைத் தூக்கிக் காட்டுவாங்க. அதே தீர்ப்பில், அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் தகுதியோட 10 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்களை ஒருமுறை நடவடிக்கையா முறைப்படுத்தச் சொன்ன பகுதியும் இருக்கு. 2016 ஜக்ஜித் சிங் வழக்கில், ஒரே வேலை செய்யுற தற்காலிக ஊழியருக்கு நிரந்தர ஊழியரின் குறைந்தபட்ச ஊதியம் கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கு: பல வருஷம் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்தவங்களை ஒன்றிய அரசின் நீர் ஆணையம் தூக்கிப் போட்டது. அவங்களைத் திரும்ப எடுத்து முறைப்படுத்த உத்தரவு வந்தது. அரசே தற்காலிகம்ங்கிற பேரில் சுரண்டக் கூடாதுன்னு கண்டிப்பும் வந்தது. சட்டம் இடம் கொடுக்குது. மனசுதான் கொடுக்கலை.

■ நம் கோரிக்கைகள்

1. ஊர்ப்புற, பகுதி நேர நூலகங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை உருவாக்கு. இப்போது வேலை செய்யும் தகுதியுள்ளவர்களுக்கே முதல் உரிமை கொடு.
2. நிரந்தரம் ஆகும் வரை சம வேலைக்குச் சம ஊதியம்.
3. உள்ளாட்சிகளின் நூலக வரி வசூல், பாக்கி பற்றி மாவட்ட வாரியாக வெள்ளை அறிக்கை.
4. புத்தக இழப்புக்கு நியாயமான வரம்பு. சம்பளத்தில் பிடித்தம் கூடாது.
5. கழிப்பறையும் குடிநீரும் இல்லாத நூலகம் இருக்கக் கூடாது. உள்ளூர் குழு விவரம் ஒவ்வொரு சுவரிலும்.
6. விடுப்புக்கு மாற்று ஆள், வருஷம் ஒருமுறை பயிற்சி. புரவலர் இலக்கு ரத்து.

■ நீங்க செய்ய வேண்டியது

லைக் போட்டுட்டுப் போகாதீங்க. இந்த வாரம் உங்க ஊர் நூலகத்துக்குப் போங்க. உறுப்பினர் இல்லைன்னா சேருங்க. நூலகர் பேரையோ படத்தையோ இங்கே பதிவிடாதீங்க. நாளைக்கு அவருக்குத்தான் தொல்லை வரும். அவருக்குப் பதிலா நீங்க கேளுங்க. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடுங்க. மூணே கேள்வி: போன நிதியாண்டில் எங்க ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு? அதில் நூலக ஆணைக் குழுவுக்குக் கொடுத்தது எவ்வளவு? மாவட்டத்தில் காலிப் பணியிடம் எத்தனை? 30 நாளில் பதில் வரணும். வந்த பதிலை உங்க பெயர், முகவரியை மறைச்சுட்டு கமெண்டில் போடுங்க. மாவட்டம் மாவட்டமா நாங்க தொகுக்கிறோம்.

கல்வெட்டில் யார் பேர் இருக்குன்னு பிள்ளைகளுக்குத் தெரியாது. புத்தகம் எடுத்துக் கொடுத்த அக்காவைத் தெரியும். அந்த அக்கா அடுத்த வருஷமும் அந்த மேசையில் இருக்கணும். அதுக்குத்தான் இந்தச் சண்டை.

#நூலகரைக்_காப்போம்
#நூலக_வரி_எங்கே
#சம_வேலைக்குச்_சம_ஊதியம்

— தகவல் தொழில்நுட்ப அணி