நிற்கப் பழகுதல்

இந்த வாரம் ஒரு பட்டத்தைக் குறித்துச் சிந்திப்போம்.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்துச் சகோதரர்களான ஹாட்ஜிக்கிகள் 1980களின் இறுதியில் ‘ரெவல்யூஷன்’ என்னும் நான்கு நூல் பட்டத்தை உருவாக்கினர். இரு கைகளிலும் ஒவ்வொரு பிடி. ஒவ்வொரு பிடியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒவ்வொரு நூல். மேல்நூல்களை இழுத்தால் பட்டம் முன்னேறும். கீழ்நூல்களை இழுத்தால் நிற்கும், பின்னோக்கியும் பறக்கும்.

பட்டம் சரியும்போது புதியவர் பதறிக் கைகளை வீசி இழுப்பார். அது இன்னும் வேகமாய்த் தரையில் மோதும். தேவைப்படுவதோ மணிக்கட்டின் சிறு அசைவே. ஒரு நூல் சற்றே நீண்டிருந்தாலும் பட்டம் கோணிப் பறக்கும். அப்போது காற்றைக் குறைசொல்லிப் பயனில்லை, நூல்களை அளந்து சரிசெய்யவேண்டும்.

ஆகையால் கற்பவர் வித்தைகளுக்கு முன்பாகப் பட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தப் பழகவேண்டும் என்பதே என் துணிபு. உயரப் பறப்பதைப் பலரும் மெச்சுவர். வீசும் காற்றின் நடுவே அசையாது நிற்பதே அரிது.

நம் பிள்ளைகள் சற்றே விலகும்போது நாமும் பதறி வீசியிழுக்கிறோம் அல்லவா? சிறு அசைவு போதுமானதாய் இருந்த இடத்தில் எத்தனை உறவுகளை மோதவிட்டோம்! கையின் இறுக்கம் தளரட்டும். நூல் மட்டும் தளரவேண்டாம்.