நம்பிக்கை வேறு, ஆசை வேறு

ஆசைக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வேற்றுமையை நம்மில் பலர் கவனிப்பதில்லை. நினைத்தது நடக்கவேண்டும் என்று ஏங்குவது ஆசை. நினைத்தது நடவாதபோதும் நாம் செய்யத்தக்கது ஏதேனும் மிஞ்சியிருக்கிறது என்று உணர்வது நம்பிக்கை. முன்னது, மழை பொய்த்தால் வாடிவிடும் பயிர். பின்னது, வரப்பிலே நிற்கும் பனை.

சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டில் எட்டு விசைத்தறிகள் இருந்தனவாம். நெசவுக் கூலி கட்டுபடியாகாமல் நான்கைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டாயிற்று. மகன் கல்லூரியில் படிக்கிறான். "கும்பிட்ட தெய்வமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டதா?" என்று கேட்கிறார்.

அவருக்கு வேதாந்தம் சொல்ல எனக்குத் துணிவில்லை. பிறர் கஷ்டத்துக்கு உபதேசம் செய்வதில் வாத்தியார்கள் வல்லவர்கள் என்ற பெயர் முன்னமே உண்டு. ஆகையால், எங்கள் சூலூரிலிருந்து இருபது கிலோ மீட்டருக்குள் இருக்கும் கோயமுத்தூர்ச் சிறையில் ஒருவர் பட்ட பாட்டை மட்டும் நினைவூட்டுகிறேன்.

1908-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நீதிபதி பின்ஹே, ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அப்போது பிள்ளையவர்களுக்கு வயது 35. அவர் 1906-இல் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டுக்கொண்டிருந்தது. தண்டனைச் செய்தியைக் கேட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார், பிறகு தெளியவேயில்லை. கோயமுத்தூர்ச் சிறையில் பிள்ளையவர்களுக்குக் கிடைத்தது செக்கிழுக்கும் வேலை.

அந்தச் சிறைவாசத்தின்போதே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் சிறு நூல் ஒன்றை அவர் தமிழாக்கினார். 'மனம்போல வாழ்வு' என்ற பெயருடன் அது 1909-இல் வெளிவந்தது. மாடு செய்யும் வேலை விதிக்கப்பட்டவர், மனிதன் செய்யும் வேலையை மறந்துவிடவில்லை.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 டிசம்பர் 24-ஆம் தேதி கண்ணனூர்ச் சிறையிலிருந்து விடுதலையானார். வெளியே அவருக்காக என்ன இருந்தது? கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. வரவேற்க மாலையும் மேளமுமாகக் கூட்டம் வரவில்லை. சிறையிலே தொழுநோய்க்கு ஆளாகி, சற்று முன்னரே விடுதலை பெற்றிருந்த சுப்பிரமணிய சிவா வந்து நின்றிருந்தார்.

ஆசை ஒன்றே துணையாக இருந்திருந்தால், அன்றே பிள்ளையவர்களின் மனம் ஒடிந்திருக்கும். அவரோ வறுமையோடு மல்லாடிக்கொண்டே 1914-இல் 'மெய்யறம்' என்ற நூலை வெளியிட்டார். 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். பின்னர், தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையை அச்சேற்ற உழைத்தார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி காலமானார். சுதந்திரம் வருவதற்கு இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. இழந்த செல்வம் திரும்பவேயில்லை.

இதை மறைத்துவிட்டு, 'பொறுத்தார் பூமியாள்வார்' என்று முடிக்க எனக்குச் சம்மதமில்லை. தெய்வம் வந்து கடனை அடைக்கும் என்று அந்தச் சகோதரிக்கு எழுத எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால், மிஞ்சிய நான்கு தறிகளைப் பழுதின்றி வைத்திருப்பதும், கடன் கணக்கைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதும், மகனிடம் உள்ளதை உள்ளபடி சொல்வதும் பிரார்த்தனைக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் அந்த நம்பிக்கையை நடத்திக் காட்டும் வழியும் அதுவே.

இனி, இப்போதைக்குக் கஷ்டமில்லாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. "தைரியமாயிருங்கள்" என்று தெருவோடு சொல்லிப் போவது எளிது. சிவாவிடம் கொடுப்பதற்குச் செல்வம் ஒன்றும் இல்லை, உடம்பிலும் வலுவில்லை. ஆயினும் சிறை வாயிலுக்கு வந்து நின்றார். உங்கள் தெருவில் இந்த வாரம் எந்த வீட்டு வாயிலில் போய் நிற்கவேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.