பெட்டி நம்முடையது, சாவி யாருடையது?

ஐயம்பேட்டையில் தறிச் சத்தம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். நெய்த சேலைக்குத்தான் கூலி. நெய்யாத நாளுக்குக் கூலி கிடையாது. பட்டு வரவில்லை, ஜரிகை இல்லை, மழைத் தண்ணீர் தறிக்குழியில் புகுந்துவிட்டது என்று தறிகள் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். இப்போது புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. பெட்டி நின்றுவிட்டது, ஏன் நின்றது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை!

பழைய ஜக்கார்டில் ஊடை ஒன்றுக்கு ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. அட்டை கிழிந்தால் நெசவாளியின் கண்ணுக்கே தெரியும். அட்டை அடிப்பவரும் நம் மனிதர். இன்று காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு மின்னணு ஜக்கார்டு வந்திருக்கிறது. அதில் அட்டை கிடையாது. கம்ப்யூட்டரில் வரைந்த டிசைனை நேரே பெட்டிக்குள் ஏற்றுகிறார்கள். சிரமம் குறைகிறது, வேலை சுருங்குகிறது. நல்லதுதான். யந்திரத்தின் மீது நமக்குப் பகை இல்லை.

ஆனால் பெட்டி நின்று, திரையில் ஓர் எண் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணின் அர்த்தம் விற்ற கம்பெனிக்கு மட்டுமே தெரியுமானால், கம்பெனி ஆள் வரும்வரை குடும்பம் கைகட்டி உட்கார வேண்டியதுதான். டிசைன் இருக்கும் கோப்பு அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரில் மட்டுமே திறக்குமானால், நம் பாட்டன் பூட்டன் போட்ட கோபுரக் கரையும் யாளியும் அன்னமும் அவர்கள் பூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும். பெட்டிக்குக் காசு கொடுத்தவர் நாம். சாவி மட்டும் விற்றவரிடமா? இது என்ன நியாயம்?

ஜக்கார்டின் சொந்தக் கதையைப் பாருங்கள். பிரான்சில் லியோன் பட்டு நெசவாளர்களின் நகரம். அங்கே ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் இந்த யந்திரத்தை உருவாக்கினார். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய நெசவாளர்கள் யந்திரங்களைக் கொளுத்தினார்கள். 1806-ல் சர்க்கார் அதைப் பொதுச் சொத்தாக அறிவித்தது. கண்டுபிடித்தவருக்கு ஓய்வூதியம் உண்டு, தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று தொகையும் உண்டு. ஆனால் அறிவு எல்லோருக்கும். 1812-க்குள் பிரான்சில் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின. அறிவைத் திறந்துவிட்டால் கண்டுபிடித்தவர் பட்டினி கிடப்பார் என்ற வாதம் அன்றே பொய்த்துவிட்டது.

அதே துளை அட்டையைத்தான் 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்குக்கு ஹெர்மன் ஹாலரித் பயன்படுத்தினார். விவரங்களைச் சேர்த்து வைத்து எண்ணும் கம்ப்யூட்டர் வேலைக்கு அது அஸ்திவாரம். நெசவுத் தெருவின் அட்டை கம்ப்யூட்டருக்குப் பாட்டன். இன்று பேரன், பாட்டன் வீட்டுக்கே பூட்டோடு வந்து நிற்கிறான்!

இது நெசவாளியின் பிரச்னை மட்டுமல்ல. மில் தொழிலாளி ஓட்டும் புதிய யந்திரத்துக்குள்ளும் கம்ப்யூட்டர்; வயலில் ஓடும் டிராக்டருக்குள்ளும் கம்ப்யூட்டர். அமெரிக்காவில் டிராக்டர் பழுது பார்க்கும் சாஃப்ட்வேரை விவசாயிகளுக்குத் தராமல் வைத்துக்கொண்டது என்று டீர் கம்பெனி மீது 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையமே வழக்குத் தொடுத்தது. அதற்கு முன்பே, 2023-ல், கொலராடோ மாநிலம் விவசாய யந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. இந்தியாவில் 2022-ல் மத்திய அரசு இதற்கென ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் ஆகிய நான்கை எடுத்துக்கொண்டது. தறியை மறந்துவிட்டது!

"வியாபார ரகசியம்" என்பார்கள் கம்பெனிக்காரர்கள். யந்திரத்தை எப்படித் தயாரிக்கிறீர்கள் என்று நாம் கேட்கவில்லை. வாங்கிய யந்திரத்தை எப்படி ஓட்டுவது, நின்றால் எப்படிச் சரி செய்வது என்றுதான் கேட்கிறோம். அது ரகசியமானால், விற்றது யந்திரமல்ல, தூண்டில்!

வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் 'டிஜிபுனாய்' என்ற நெசவு டிசைன் சாஃப்ட்வேரை உருவாக்கியிருக்கிறது. அதன் உள் அமைப்பு யாருக்கும் மறைக்கப்படவில்லை. யாரும் பார்க்கலாம், திருத்தலாம். காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. பெண்கள் உட்பட நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் அங்கே இதைக் கற்றுத் தரட்டும்.

நம் கோரிக்கைகள் சாதாரணமானவை. கூட்டுறவுச் சங்கமோ அரசோ ஜக்கார்டு பெட்டி வாங்கினால், தமிழில் கையேடு, பழுது எண்களின் பட்டியல், உதிரி பாகம், எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கும் டிசைன் கோப்பு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். தர மறுக்கும் கம்பெனியிடம் வாங்கக் கூடாது. பழுது பார்க்கும் உரிமைப் பட்டியலில் தறியைச் சேர்க்க வேண்டும்.

நாம் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். என்ன எண் வந்தது, என்ன செய்தோம், எப்படி ஓடியது என்று ஒவ்வொருவரும் எழுதுங்கள். ஒருவர் கற்றதை ஊரே அறியட்டும்.

கோர்வை போடும் வித்தையை அக்கம்பக்கத்தாருக்குக் கற்றுக் கொடுத்துத்தான் காஞ்சிப் பட்டு வளர்ந்தது. பெட்டியின் வித்தையையும் அப்படியே பொதுவாக்குவோம். தறி நம்முடையது, சாவியும் நம்முடையதாக வேண்டும்!