இசையும் ஒரு மருந்தே!

அழும் குழந்தைக்கு முதல் மருந்து எது? தாயின் தாலாட்டு! பாட்டின் பொருள் குழந்தைக்குத் தெரியாது. ஆயினும் அழுகை அடங்குகிறது. குனிந்து நாற்று நடும் பெண்களின் இடுப்பு வலியை நடவுப்பாட்டு மறக்கச் செய்கிறது. கல்லங்குறிச்சியில் வாழும் நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சவுல் மன்னர் மனம் கலங்கித் தவித்தபோதெல்லாம், தாவீது யாழ் மீட்ட, அவர் ஆறுதல் அடைந்தார் என்று சாமுவேல் முதல் நூலில் படிக்கிறோம். தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) சித்த மருத்துவர். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெரும் இசைநூலை வெளியிட்டவரும் அவரே. மருந்தும் இசையும் ஒரே மனிதரிடம் குடிகொண்டிருந்தன! பின்னாளில் வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன், ராகங்களால் நோய் தணிக்க இயலுமா என்ற ஆய்வில் ஈடுபட்டார்.

மேலைநாட்டினர் இதனைத் தனிக் கல்வியாகவே வளர்த்துள்ளனர். 1944இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இதற்கெனப் பட்டப்படிப்பு தொடங்கியது. பக்கவாதத்தால் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்தவர்களுள் சிலர், பாட மட்டும் வல்லவராய் இருப்பர். அவர்களைச் சொற்களை மெட்டோடு சொல்லப் பழக்கி, மீண்டும் பேசவைக்கும் முறை 1973இல் வெளியானது. பார்க்கின்சன் நோயால் நடை தளர்ந்தோர் பலருக்குத் தாளத்திற்கேற்ப அடியெடுத்து வைத்தால் நடை சீராகிறது. பேரனின் பெயரையே மறந்த பாட்டிகூட, இளமையில் பாடிய பாடலை நினைவிலிருந்து பாடுவதுண்டு.

ஆனால், பாட்டுக் கேட்டாலே சர்க்கரை நோயும் புற்றுநோயும் பறந்துவிடும் என்போரை நம்பலாகாது. இசை மருத்துவருக்குத் துணை; மாற்று அன்று.

இவ்வளவு நன்மை இருந்தும் நாம் செய்வது என்ன? பத்தாம் வகுப்பு வந்ததும் பல பள்ளிகளில் பாட்டு வகுப்பு கணக்கு வகுப்பாக மாறிவிடுகிறது. "பாட்டு சோறு போடுமா?" என்று பெரியவர்கள் கேட்கின்றனர். போடாமல் இருக்கலாம். ஆனால் தேர்வு பயத்தால் சோறும் உறக்கமும் மறந்து தவிப்பது நாங்கள்தானே? நாற்பது பேர் கூடிப் பாடும்போது மூச்சு சீராகிறது. நெஞ்சின் படபடப்பு குறைகிறது. 'நான் மட்டும் தனியாக இல்லை' என்ற துணிவு பிறக்கிறது. அதன்பின் கணக்கும் எளிதாகத் தோன்றுகிறது!

அன்புள்ள பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! வாரத்தில் அந்த ஒரு பாடவேளையை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். தோழியரே! இன்று மாலை வீட்டிலுள்ள முதியவர் அருகே அமர்ந்து, அவர் அறிந்த பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்போம். காசில்லாமல் கிடைக்கும் இம்மருந்தை அவருக்கு ஊட்டுவோம், நாமும் உண்போம்!