மகன்களுக்குத் திறந்த கதவு மகள்களுக்கும் திறக்கட்டும்

 

அடையாறில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு கற்பிக்கும் ஒரு கூடத்தில் எங்கள் மகன்களைச் சேர்க்கச் சென்றபோது, எங்கள் உள்ளத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. ஆசிரியர் முன் குனிய வேண்டுமா? தொடை தெரியும் உடை அணிய வேண்டுமா? மாலை வகுப்பின் நடுவே மஃக்ரிப் தொழுகை என்னாவது? தயங்கித் தயங்கித்தான் கேட்டோம். நெஞ்சில் கை வைத்தால் போதும், முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடையே நல்லது, தொழ ஓர் ஓரம் உண்டு என்று எளிதாகச் சொல்லிவிட்டார் ஆசிரியர். தயக்கம் எங்களுடையது, கதவு திறந்தே இருந்தது.

ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலுக்குச் சென்றார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவருடைய தம்பி எலியோவும் இக்கலையை வளர்த்தெடுத்தனர். இதில் குத்தும் உதையும் இல்லை. எதிராளியைத் தரையில் கிடத்தி, மூட்டை மடக்கியோ கழுத்தை இறுக்கியோ பணிய வைப்பதே முறை. அகப்பட்டவர் கையால் தட்டினால், அக்கணமே விட்டுவிட வேண்டும்.

முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். குத்துச்சண்டை கூடாது என்று உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் சபை 1987-இல் முடிவு செய்தது. மற்போரின் நிலை வேறு. ருகானா என்ற மல்லரை நபியவர்கள் வீழ்த்தியதாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் உறுதியானதன்று என்பதைத் திர்மிதீ இமாமே குறிப்பிடுகிறார்கள். ஆனால், பிறரை வீழ்த்துபவனைவிடக் கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்ற கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டுவதும், தட்டியவரை உடனே விடுவதும் அந்தப் பாடத்திற்கான பயிற்சியே என்று நாங்கள் கருதுகிறோம்.

வீடு திரும்பியதும் பன்னிரண்டு வயது மகள் கேட்டாள்: "நான் எப்போது சேருவது?" ஆண்களோடு கலந்து பயில்வது நமக்குக் கூடாது என்றோம். அது சரியான விடைதான். ஆயினும் அந்த வகுப்பில் சேராமலிருப்பதற்குத்தான் அது காரணம்; கற்காமலே இருப்பதற்கு அன்று. தியாகராய நகர் நெரிசலில் பேருந்து ஏறுபவள் அவள். தன்னைவிட எடை கூடிய ஒருவரின் பிடியிலிருந்து விடுபடும் உத்தி, தம்பியரைவிட அவளுக்கே அதிகம் தேவை. பயணமொன்றில் ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதை மேடைதோறும் சொல்லி மகிழும் நாம், நம் மகளை வேடிக்கை பார்க்க மட்டும் அமர்த்தலாமா?

2012 லண்டன் ஒலிம்பிக்கில் தலைமறைப்புடன் ஜூடோ ஆட, சவூதியின் வுஜ்தான் ஷஹர்கானிக்கு முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. பேச்சுவார்த்தைக்குப் பின் வழி பிறந்தது. 82 விநாடிகளில் அவர் தோற்றார். ஆனால், களத்தில் நின்றார். கேட்டதனால் கிடைத்தது அது.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் ஐந்தாறு ஒன்றுசேர்ந்து, பெண் ஆசிரியரைக் கொண்டு பெண்களுக்கெனத் தனி வகுப்பு வேண்டும் என்று கேட்டால், மறுக்கும் கூடங்கள் குறைவாகவே இருக்கும் என நம்புகிறோம். கேட்காமலே இல்லையென்று முடிவு செய்வது பேணுதல் ஆகாது. எங்கள் மகளுக்காக நாங்கள் கேட்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் மகள்களுக்காக நீங்களும் உடன் வாருங்கள்.