எந்தத் தெரு?

தோழர்களே,

இந்த இதழுக்குப் பெரிய விஷயம் எதையாவது எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. மனசுக்குள் ஒரு சின்ன விஷயம் முள்ளாகக் கிடந்து உறுத்துகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வங்கியில் எனக்கு மாற்றல் வந்தது. புது ஊரில் வாடகைக்கு வீடு தேடி நானும் அம்மாவும் அலைந்தோம். பேங்க் வேலை என்றதும் நாற்காலி போடுகிறார்கள். வாடகை, அட்வான்ஸ், தண்ணி வசதி எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வரும். நேராக வராது. ‘சொந்த ஊரு எது சார்?’ ஊரைச் சொன்னால், ‘அங்க எந்தத் தெரு?’ அதிலும் பிடி கிடைக்கவில்லையென்றால், ‘குலசாமி எது?’

அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாக 1950இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் கேட்டதில் அந்த வார்த்தையே இல்லை. சாமியைத்தானே கேட்டார்?

நாலாவது வீட்டில் அம்மா பதில் சொல்ல வாயெடுத்தது. ‘நீ கொஞ்சம் சும்மா இரும்மா’ என்று அடக்கிவிட்டு, நானே ஏதோ ஒரு சாமி பேரைச் சொன்னேன். வீடு கிடைத்தது. சாமான் எல்லாம் பிரித்தோம். அம்பேத்கர் படம் மட்டும் சுற்றிய பழைய சேலைக்குள்ளேயே கிடந்தது. அம்மா ஒண்ணும் கேக்கல. அதைத்தான் என்னால் தாங்க முடியல.

அம்பேத்கருக்கும் இது நடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர், 1917இல் பரோடா சமஸ்தானத்து வேலைக்குப் போனார். தங்க இடமில்லை. பார்சிப் பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். பம்பாய் ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தார். இது ஊரார் சொன்ன கதையல்ல. பெயர் மாற்றித் தங்கியது உட்பட அவரே எழுதி வைத்திருக்கிறார்.

மனிதனின் சுதந்திரம் அவன் செய்யும் தேர்வில் இருக்கிறது என்று கல்லூரியில் படித்தேன். கவிதையிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லித் தெருவில் நிற்பதா, பொய் சொல்லிக் கூரைக்குள் நுழைவதா என்ற தேர்வு, கேள்வி கேட்பவனுக்கு ஆயுசுக்கும் வருவதில்லை. நமக்கு மட்டுமே வருகிறது. அதனால் பிள்ளைகுட்டியோடு வீடு தேடுகிற ஒருத்தர் மறைத்தால், அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. குற்றம் கேட்டவனுடையது.

ஆனாலும் என் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வீட்டுக்கு நான் கொடுத்தது பத்து மாச அட்வான்ஸ் மட்டுமல்ல, அம்மாவின் பேச்சையும் சேர்த்துக் கொடுத்தேன். அதைக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. காலம் பூரா அடுத்தவன் வயலில் குனிந்து என்னைப் படிக்க வைத்த மனுசி அது.

போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் படத்தை மாட்டினேன். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மேலே வந்தார். படத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். இதை எழுதுகிற வரைக்கும் பேசவில்லை. அடுத்த மாசம் எந்த முகவரியில் இருப்போமோ தெரியாது. அம்மா மட்டும் அடுப்படியில் இருந்தபடி எங்க தெருப் பேச்சில் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் அந்தப் படம் எங்கே இருக்கிறது தோழர்களே? எழுதுங்கள்.