பரிசும் தேர்வும்

1959ல் கொகா மசாவோ, ஹத்தோரி ரியோயிச்சி போன்ற இசையமைப்பாளர்கள் முன்னின்று ஆரம்பித்தது ஜப்பான் ரெக்கார்ட் விருது. 1969ல் அது டிசம்பர் 31 இரவின் டெலிவிஷன் காட்சியாயிற்று.

1974ன் தேர்வை நான் மதிக்கிறேன்: 'எரிமோ மிசாகி'. என்கா பாடகர் மோரி ஷினிச்சி பாட, ஃபோக் பாட்டுக்காரர் யோஷிதா தக்குரோ மெட்டமைத்தது. இரு முகாம்களுக்கு இடையிலான வேலியைத் தாண்டிய பாட்டு. அதைத் தேர்ந்தவர்களுடன் சண்டை போடலாம். சண்டை போட அங்கே ஒரு பார்வை இருக்கிறது.

2001லிருந்து 2003வரை ஹமாசாக்கி அயுமி. 2008லிருந்து 2010வரை எக்ஸைல். மும்முறை தொடர்ந்து ஒருவரே சிறந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஏன் என்ற கேள்விக்கு மேடையில் இடமில்லை. பெயர் வாசிக்கிறார்கள், பாடுகிறார்கள், அழுகிறார்கள்.

காரணம் சொல்லாத தேர்வு விமர்சனமாகாது. வெறும் அறிவிப்பு. அந்தக் காரியத்தை விற்பனைப் பட்டியல் கண்ணீரில்லாமலே செய்துவிடுகிறது.